முக்குளிப்பு மீட்புக் குழுவுக்கு நிதி திரட்டுவது: மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில் பொழுதுபோக்காக முக்குளிக்கும் பன்னிரண்டு பேர் சேர்ந்து தொண்டூழிய மீட்புக் குழு ஒன்றை அமைத்திருக்கிறார்கள். அவர்களுக்காக உங்கள் நண்பர் வட்டம் வாழையிலை விருந்து நடத்தி 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) திரட்ட நினைக்கிறது. சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரசர் ஒன்றும், முகம் முழுவதையும் மூடும் முகமூடிகள் நான்கும் வேண்டும் என்று குழு கேட்கிறது. மண்டபம் பார்த்தாகிவிட்டது. சட்டப்படி என்ன செய்ய வேண்டும், வேறு எதைக் கவனிக்க வேண்டும் என்பது கேள்வி.

நான் கப்பல் பட்டறைகளில் பத்தொன்பது ஆண்டுகள் நீருக்கடியில் வேலை செய்தவன். கடைசி ஏழு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தேன். அதன் பிறகு ஒரு சமூக அமைப்பில் பொருளாளராகப் பல நிதி திரட்டு நிகழ்ச்சிகளின் கணக்கைப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்வதானால், நிதி திரட்டலாம், தடையில்லை. ஆனால் கம்ப்ரசருக்காகத் திரட்ட வேண்டாம். மண்டபத்துக்கு இப்போது முன்பணம் கட்டவும் வேண்டாம். அதற்கான காரணங்களைச் சொன்ன பிறகே சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எதற்காகப் பணம் கேட்கிறீர்கள் என்பது தெளிவாகாமல் எந்த விண்ணப்பப் படிவத்தையும் நேர்மையாக நிரப்ப முடியாது.

சிங்கப்பூரில் ஒருவர் நீரில் மூழ்கினால் அழைக்க வேண்டிய எண் 995. அந்த அழைப்புக்குச் செல்வது குடிமைத் தற்காப்புப் படை. நீர்மீட்புக்குப் பயிற்சி பெற்றவர்கள் அதன் ‘டார்ட்’ எனப்படும் பேரிடர் மீட்புக் குழுவில் இருக்கிறார்கள். 2012 முதல் குடிமைத் தற்காப்புப் படைக்குக் கடல்துறைப் பிரிவும் உண்டு. கடலில் காவல்துறையின் கடலோரக் காவற்படை சுற்றுக்காவல் புரிகிறது. இவற்றுக்கு மேல் கடற்படையின் முக்குளிப்புப் பிரிவு இருக்கிறது. 1997 டிசம்பர் 19ஆம் தேதி சில்க்ஏர் 185 விமானம் பாலெம்பாங் அருகே மூசி ஆற்றில் விழுந்து 104 பேர் மாண்டபோது, கையை முகத்தருகே கொண்டுவந்தாலும் தெரியாத அந்தச் சேற்றுநீரில் நம் கடற்படை முக்குளிப்பாளர்களும் இறங்கித் தேடினார்கள். 2014 இறுதியில் ஏர்ஏஷியா விமானம் ஜாவா கடலில் விழுந்தபோது, அதன் உடற்பகுதி கடலடியில் கிடந்த இடத்தை 2015 ஜனவரி 14 அன்று கண்டுபிடித்தது நம் கடற்படையின் ‘ஸ்விஃப்ட் ரெஸ்கியூ’ கப்பல். இந்த அமைப்புகள் அனைத்தும் வரிப்பணத்தில் இயங்குபவை. பிரியாணி விற்ற காசு அவற்றுக்குத் தேவையில்லை. ஆகவே உங்கள் விருந்துக்கு வருபவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, இவ்வளவு இருக்கும்போது பன்னிரண்டு பேரின் குழு எதற்கு என்பதாகத்தான் இருக்கும். அதற்கு உணர்ச்சிகரமான பதில் போதாது.

நீரில் மூழ்கியவரின் மூளை, உயிர்வளி இல்லாமல் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் பாதிக்கப்படத் தொடங்கிவிடுகிறது. குளிர்நாடுகளில் இதற்கு விதிவிலக்குகள் உண்டு: உறைநீர் உடலை வேகமாகக் குளிர்வித்து மூளையின் தேவையைக் குறைத்துவிடுவதால், நெடுநேரம் கழித்து மீட்கப்பட்டவர்களும் பிழைத்திருக்கிறார்கள். 1999இல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கியிருந்த பெண்ணொருவர், உடல்வெப்பம் 13.7 பாகைக்கு இறங்கிய நிலையிலும் உயிர் மீண்டார். நம் நீர் வெதுவெதுப்பானது. ஆண்டு முழுவதும் 30 பாகையை ஒட்டியே இருக்கும். அந்தச் சலுகை நமக்கு இல்லை. தெம்பனிஸில் வீட்டில் இருக்கும் தொண்டூழியருக்கு அழைப்பு வந்து, அவர் கருவிப் பையை எடுத்து, காரை ஓட்டி, நீர்த்தேக்கக் கரையில் உடையணிந்து இறங்குவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் குடிமைத் தற்காப்புப் படை வந்து வேலையைத் தொடங்கியிருக்கும். கரையில் ஏற்கெனவே நிற்பவர்களாலேயே அந்த முதல் சில நிமிடங்களில் உயிரைக் காப்பாற்ற முடிகிறது.

இதற்கு அண்மைச் சான்று நம் கண்முன்னே இருக்கிறது. 2025 ஜூலை 26 அன்று தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென நிலம் உள்வாங்கி, ஒரு கார் நீர் நிறைந்த பள்ளத்துக்குள் விழுந்தது. அருகே வேலைசெய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் ஏழு பேர், தமிழ்நாட்டைச் சேர்ந்த மேற்பார்வையாளர் ஒருவர் உட்பட, கயிற்றை வீசி, காரை ஓட்டிவந்த பெண்மணியைச் சில நிமிடங்களில் மேலே இழுத்துவிட்டார்கள். யாரும் முக்குளிக்கவில்லை, வேலையிடத்தில் கிடந்த கயிறு போதுமாக இருந்தது. அதன் பிறகு ஓர் அறநிறுவனம் அவர்களுக்காகப் பொதுமக்களிடம் திரட்டிய தொகை 70,000 வெள்ளியைத் தாண்டியது. மக்கள் எதற்கு மனமுவந்து கொடுக்கிறார்கள் என்பதற்கும் இதுவே சான்று என்பேன். நடந்ததைத் தெளிவாகச் சொன்னால் போதும், ஒலிபெருக்கி தேவையில்லை.

அப்படியானால் முக்குளிப்பு மீட்புக் குழுக்கள் உலகம் முழுவதும் செய்யும் வேலையின் பெரும்பகுதி என்ன? உடலை எடுத்துத் தருவது. இதைச் சொல்ல நம்மவர்கள் கூசுவார்கள், ஆனால் சொல்லத்தான் வேண்டும். அது சிறிய பணியன்று. உடல் கிடைக்காத வீட்டில் காரியம் செய்ய முடியாமல், விளக்கை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் தவிக்கும் குடும்பத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். ஆயினும் சிங்கப்பூரில் இயற்கைக்கு மாறான மரணம் மரண விசாரணைக்கு உட்பட்டது. உடல் இருந்த இடம், கிடந்த நிலை, அணிந்திருந்தவை எல்லாம் சாட்சியம். அதிகாரிகள் கேட்டுக்கொள்ளாமல் ஒரு தொண்டூழியக் குழு இறங்கித் தேடுவது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், அந்தச் சாட்சியத்தைக் கெடுத்துவிடக்கூடும். நீரிலும் கட்டுப்பாடுகள் உண்டு. நீர்த்தேக்கங்கள் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பில் இருப்பவை. அங்கே விரும்பியபோது இறங்க முடியாது. துறைமுக நீர்ப்பரப்பில் முக்குளிப்புப் பணி செய்யக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

‘வெளிநாடுகளில் ஊர்மக்கள் காசு போட்டுத்தானே மீட்புக் குழுவை நடத்துகிறார்கள்’ என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். பிரிட்டனில் 1824இல் தொடங்கிய உயிர்காப்புப் படகு நிறுவனம் இன்றும் பெரும்பாலும் நன்கொடையிலும் உயிலிலும்தான் ஓடுகிறது. அமெரிக்காவின் சிற்றூர்களில் தொண்டூழியத் தீயணைப்பு நிலையத்தின் முக்குளிப்பு அணிக்காகக் காலைச் சிற்றுண்டி விற்றுப் பணம் சேர்ப்பது சாதாரணக் காட்சி. அங்கே அடுத்த அரசாங்க அணி மணிக்கணக்கான தொலைவில் இருக்கும். உள்ளூர் அணி இல்லையென்றால் ஒருவரும் இல்லை. நாமோ ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தீவில் இருக்கிறோம். அவர்களுடைய வழக்கத்தை அப்படியே இங்கே நட்டால் வேர் பிடிக்காது.

தொண்டூழியர்களுக்கு மட்டுமே கைவந்த வேலை என்று சில இருக்கவே செய்கின்றன. 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் பன்னிரண்டு சிறுவர்களும் பயிற்றுநரும் சிக்கியபோது, ஜூலை 2 அன்று அவர்களைக் கண்டுபிடித்தவர்கள் ரிக் ஸ்டான்டன், ஜான் வொலாந்தன் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பாளர், மற்றவர் கணினித் துறைக்காரர். குகைக்குள் முக்குளிப்பதைப் பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகச் செய்து, அதில் உலகில் மிகச் சிலருக்கே இருந்த திறனைப் பெற்றிருந்தார்கள். அதே மீட்பில் தொண்டூழியராகச் சென்ற முன்னாள் தாய்லாந்துக் கடற்படை வீரர் சமன் குனான், காற்றுச் சிலிண்டர்களை வழியில் வைத்துவிட்டுத் திரும்பும்போது ஜூலை 6 அன்று இறந்துபோனார். பயிற்சி பெற்ற கடற்படை வீரரே அப்படி மாண்டிருக்கிறார் என்பதை உங்கள் குழுவினரிடம் சொல்லுங்கள். தங்களிடம் மட்டும் இருக்கும் திறன் எது என்ற கேள்விக்கு அவர்களால் பதில் சொல்ல முடிகிறதா என்றும் கேளுங்கள்.

என் கணிப்பில் அவர்களுக்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறது. அவர்களே அதைக் கவனிக்காமல் இருக்கலாம். டிராகன் படகோட்டம், கயாக், திறந்தவெளி நீச்சல் போன்ற நிகழ்ச்சிகளில் முன்கூட்டியே கரையிலும் படகிலும் நின்று பாதுகாப்புத் தருவது, முதல் நிமிடங்களின் சிக்கலை அடியோடு தீர்த்துவிடுகிறது: அவர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். அடுத்தது பயிற்சி. வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் இருக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளில் நீச்சல் தெரியாதவர் ஏராளம். விடுமுறை நாளில் கடற்கரைக்குப் போய் இடுப்பளவு நீரில் இறங்கி, நீரோட்டத்தில் கால் நழுவுபவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். கயிற்றுப் பையை (தத்தளிப்பவரை நோக்கி வீசும், கயிறு அடைத்த பை) எப்படி வீசுவது, பதறிக் கையடிப்பவரை நீரில் இறங்காமல் எப்படி இழுப்பது, மேலே கொண்டுவந்தவருக்கு இதய இயக்க மீட்புச் சிகிச்சை எப்படிச் செய்வது என்பதைத் தமிழில் சொல்லித்தர இந்தப் பன்னிரண்டு பேரைவிடப் பொருத்தமானவர்கள் யார்? இதற்குச் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர்களாக அவர்களை ஆக்குவதற்கு உங்கள் 30,000 வெள்ளி தாராளமாகப் போதும்.

இனி கம்ப்ரசருக்கு வருவோம். இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

12 லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2,400 லிட்டர் காற்று கிடைக்கும். அதில் 50 பார், அதாவது 600 லிட்டர், தொடக்கூடாத கையிருப்பு. மீதி 1,800. நிதானமாக நீந்துபவர் கரையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 லிட்டர் மூச்சிழுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாவதால் 40 லிட்டர் ஆகும். 45 நிமிடம் தாங்கும். ஆனால் சேற்றில் கையால் துழாவி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வளைவு வளைவாகத் தேடுபவர் அப்படி மூச்சுவிட மாட்டார். உழைப்பும் பதற்றமும் சேர்ந்தால் மூச்சு எளிதில் இரண்டு மடங்காகும். அதே சிலிண்டர் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இறக்கம், ஏற்றம் போக உண்மையாகத் தேடும் நேரம் கால் மணியளவே. ஒருவர் மாறி ஒருவர் இறங்க வேண்டியிருப்பதால், ஒரு பகல் முழுவதும் தேடுவதற்கு ஆட்பலமே பெரிய தேவை. கம்ப்ரசர் இந்த நெருக்கடியைத் தீர்க்காது. நிரப்பித் தரும் கடைகள் இங்கே இருக்கவே செய்கின்றன.

வாங்கிய பின் வரும் செலவைப் பற்றிக் கேளுங்கள். மூச்சுக்காற்று நிரப்பும் கம்ப்ரசரின் வடிகட்டியை ஓடிய மணிநேரக் கணக்கில் மாற்ற வேண்டும். நம் ஊரின் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் அது தயாரிப்பாளர் சொன்ன காலத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். காற்றில் எண்ணெய் ஆவியோ கார்பன் மோனாக்சைடோ கலந்திருக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும், ஏனென்றால் கரையில் தலைவலி தரும் அளவு நச்சுக்காற்று, ஆழத்தில் அழுத்தம் பெருகும்போது ஆளை மயக்கிவிடும். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர்களை ஆண்டுதோறும் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டும். சிலிண்டரின் உட்புறத்தை ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதும், நீரழுத்தச் சோதனையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை (பல நாடுகளில் ஐந்தாண்டு) செய்வதும் வழக்கம். முகம் முழுவதையும் மூடும் முகமூடி நல்ல பொருள்தான். அழுக்குநீர் வாய்க்குள் போகாமல் காக்கும், பேசும் கருவியையும் பொருத்தலாம். ஆனால் அதை அணிந்து இருட்டில் பழகாதவருக்கு, முகமூடிக்குள் நீர் புகுந்த முதல் நொடியில் மூக்கையும் வாயையும் ஒருசேர இழந்த திகில் வரும். அந்தப் பழக்கத்துக்கான பயிற்சிச் செலவு உங்கள் மதிப்பீட்டில் எங்கேயும் இல்லை.

இதை நான் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் கணக்குப் பார்த்த ஒரு நிதி திரட்டில், பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு சிறு குழுவுக்குக் கருவிகள் வாங்கிக் கொடுத்தோம். படம் எடுத்துக்கொண்டோம், பொன்னாடை போர்த்தினோம். மூன்றாம் ஆண்டில் போய்ப் பார்த்தபோது கம்ப்ரசர் கிடங்கு அறையில் துணி போர்த்திக் கிடந்தது. சிலிண்டர்களின் சோதனைத் தேதி தாண்டியிருந்ததால் எந்தக் கடையும் நிரப்பித்தர மறுத்துவிட்டது. குழுவினர்மீது தவறு இல்லை. ஆண்டுப் பராமரிப்புக்கு யாரும் ஒரு வெள்ளியும் ஒதுக்கவில்லை, நானும் ஒதுக்கச் சொல்லவில்லை. பொருள் வாங்கப் பணம் கேட்டால் மக்கள் தருகிறார்கள், வடிகட்டி மாற்றக் கேட்டால் தருவதில்லை என்ற அச்சத்தில், வடிகட்டியைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டோம்.

ஆகவே என் பரிந்துரை: இலக்கு 30,000 என்றால் அதை மூன்றாகப் பிரித்து ஆண்டுக்குப் பத்தாயிரம் என்று அறிவியுங்கள். காப்பீடு, மருத்துவப் பரிசோதனை, பயிற்சிச் சான்றிதழ், பராமரிப்பு ஆகிய நான்குக்கும் மட்டும் செலவிடப்படும் என்று சொல்லுங்கள். ஒரே இரவு விருந்தைவிட, மாதம் பத்து வெள்ளி தருவதாக ஒப்புக்கொள்ளும் எண்பது குடும்பங்கள் இந்தக் குழுவுக்கு மேலானவர்கள்.

காப்பீட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். தனிநபர் விபத்துக் காப்பீட்டில் முக்குளிப்பை விலக்குவதோ ஆழ வரம்பு வைப்பதோ உண்டு. பொழுதுபோக்கு முக்குளிப்புக்கென்றே விற்கப்படும் காப்பீடு, மீட்புப் பணியின்போது நேரும் விபத்துக்குப் பொருந்துமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். முகவர் வாய்மொழியாக ‘அதெல்லாம் இருக்கும் அண்ணே’ என்று சொல்வதை ஏற்க வேண்டாம். மிக வேகமாக மேலே வந்தவருக்கு இரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் உண்டாகும் நோய் வந்தால், அழுத்த அறையில் மணிக்கணக்கில் வைத்துச் சிகிச்சை தர வேண்டும். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் அதற்கான மையம் இருக்கிறது. ஆனால் செலவுக்குப் பொறுப்பு யார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

குழுவை மதிப்பிட உங்களுக்கு முக்குளிப்புத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இங்கே தொழில்முறை முக்குளிப்புக்கு எஸ்எஸ் 511 என்ற நிலைத்தரம் இருக்கிறது. அதன் அடிப்படை எண்ணம் எளியது: நீருக்குள் ஒருவர் இருந்தால், மேலே ஒரு மேற்பார்வையாளர், அவருடைய கயிற்றைக் கையில் பிடித்திருக்கும் ஒருவர், முழு உடையில் இறங்கத் தயாராக நிற்கும் மாற்று முக்குளிப்பாளர் ஒருவர் வேண்டும். தொண்டூழியர்களை அந்த விதி கட்டுப்படுத்துமா என்ற வழக்கறிஞர் வாதம் இருக்கட்டும். அளவுகோலாக அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பவரின் கயிற்றை அவருடைய மைத்துனரே பிடிப்பார், தங்கையின் தாலியை நினைத்துக் கை தளர மாட்டார் என்று நம்மிடையே சொல்வார்கள். எங்கள் பட்டறையில் கயிறு பிடிக்கும் ஆளைப் புதிதாக வந்த பையன்கள் கிண்டலாக ‘மச்சான்’ என்றுதான் கூப்பிடுவார்கள். உங்கள் குழுவில் மச்சான் யார் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாரும் இறங்குபவர்களாகவும் பிடிப்பவர் ஒருவரும் இல்லாமலும் இருந்தால், அது சுற்றுலாக் குழு.

சட்டத்துக்கு வருகிறேன். இங்கே செய்யக்கூடாதவை பல, செய்யக் கடினமானவை குறைவு. பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இயங்கும் குழு, சங்கங்களின் பதிவகத்தில் பதிந்துகொள்ள வேண்டியிருக்கும். அல்லது உத்தரவாத வரம்புள்ள நிறுவனமாக அமையலாம். முழுக்க முழுக்க அறநோக்கத்துக்காக அமைந்த அமைப்பாக இருந்தால், அமைந்த மூன்று மாதங்களுக்குள் அறநிறுவன ஆணையரிடம் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பன்னிரண்டு பேரில் ஒருவருடைய சொந்த பேநவ் (கைத்தொலைபேசிவழிப் பணம் அனுப்பும் சேவை) எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்வது, குழு எவ்வளவு நாணயமானதாக இருந்தாலும், செய்யக்கூடாத முதல் காரியம். அமைப்பின் பெயரில் கணக்கு, இருவர் கையொப்பம், எண்ணிட்ட ரசீது ஆகியவை இல்லாமல் தொடங்கவே வேண்டாம். 2005இல், நன்கொடைப் பணத்தைச் செலவிட்ட விதம் பற்றிய தேசியச் சிறுநீரக அறநிறுவன விவகாரம் வெடித்த பிறகு இந்த ஊரில் நன்கொடையாளர்கள் கணக்குக் கேட்கப் பழகிவிட்டார்கள், அது நல்லதற்கே.

புளோக் புளோக்காகக் கதவு தட்டியோ எம்ஆர்டி நிலைய வாசலில் உண்டியல் ஏந்தியோ திரட்டுவதாக இருந்தால், வீடுவீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவதற்கான 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அதிர்ஷ்டக் குலுக்கல் வைத்துச் சீட்டு விற்கும் யோசனை உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் எட்டிப்பார்க்கிறது. பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் குலுக்கல், 2022இல் நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு உரசும். சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையத்திடம் கேட்காமல் ஒரு சீட்டும் அச்சடிக்க வேண்டாம். என்னைக் கேட்டால் அதை விட்டுவிடுவதே நல்லது.

நன்கொடைக்கு வரிக்கழிவு உண்டா என்று எல்லாரும் கேட்பார்கள். ஐபிசி எனப்படும் பொதுநல அமைப்புத் தகுதி பெற்ற அறநிறுவனங்களுக்குத் தரும் தகுதிபெறும் நன்கொடைக்குத்தான் 250 விழுக்காட்டுக் கழிவு. புதிதாக முளைத்த குழுவுக்கு அந்தத் தகுதி இருக்காது, ஆகவே ‘வரிக்கழிவு உண்டு’ என்று துண்டறிக்கையில் போட்டுவிடாதீர்கள். உயிர்காப்புப் பயிற்சி தரும், ஐபிசி தகுதியுள்ள அமைப்பு ஒன்று சம்மதித்தால், அதன் பெயரில் கிவிங்.எஸ்ஜி என்ற இணைய நன்கொடைத் தளத்தில் திரட்டி, குழுவின் பயிற்சிக்கென அதைப் பயன்படுத்த எழுத்துமூல ஏற்பாடு செய்துகொள்ளலாம். முதல் ஆண்டுக்கு இதுவே சிறந்த வழி என்று நினைக்கிறேன். கணக்குத் தணிக்கையும் அவர்கள் தலையில் போய்விடும்.

குழுவில் ஒருவர், மலேசியக் கிழக்குக்கரைத் தீவில் இருக்கும் நண்பர் குழுவுக்கும் கொஞ்சம் கொடுப்போம் என்று சொன்னாராம். நல்ல மனம். ஆனால் வெளிநாட்டு அறநோக்கத்துக்காகப் பொதுமக்களிடம் திரட்டுவதற்கு அறநிறுவன ஆணையரின் தனி அனுமதி வேண்டும். விலக்கு கிடைத்தாலொழிய, செலவு போக வரும் தொகையில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே பயன்பட வேண்டும். இரண்டையும் ஒரே உண்டியலில் போட வேண்டாம்.

இப்போது விருந்துக் கணக்கு. பத்துப் பேர் மேசை 800 வெள்ளி என்று விற்கிறீர்கள். வாழையிலைச் சாப்பாடு, மண்டபம், ஒலி, மேடை, பாட்டுக்கச்சேரிக்குப் போகவரச் செலவு எல்லாம் சேர்ந்து மேசைக்கு 450 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். திரட்டியதில் 56 விழுக்காடு சாப்பிட்டே தீர்ந்துவிட்டது. ஐபிசி அமைப்புகளுக்கு நிதி திரட்டும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. உங்களைக் கட்டுப்படுத்தினாலும் கட்டுப்படுத்தாவிட்டாலும், அதைத் தாண்டும் விருந்தை நான் நடத்த மாட்டேன். உணவை ஒரு கடைக்காரர் நன்கொடையாகத் தந்தால் கணக்கு மாறும். ஆனால் தமிழர் கடைகளிடம் ஆண்டு முழுவதும் எத்தனை பேர் போய் நிற்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பதிலாக நடைப்பயணம் வையுங்கள். பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றிய பாதை 4.3 கிலோமீட்டர், தாத்தா பாட்டியும் நடப்பார்கள், தள்ளுவண்டியில் குழந்தையும் வரும். பூங்கா நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டால், குடிநீரும் பதாகையும்தான் செலவு. பாதையில் ஐந்து இடங்களில் குழுவினர் நிற்கட்டும். ஓரிடத்தில் கயிற்றுப் பை வீசிக் காட்டட்டும், பிள்ளைகளும் வீசிப் பார்க்கட்டும்; இன்னோரிடத்தில் பொம்மையின் மார்பை அழுத்திப் பழகட்டும்; வேறோரிடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி புல்தரையில் கிடக்கும் காலணியைத் தேடச் சொல்லுங்கள். கலங்கிய நீரில் தேடுவது எப்படியிருக்கும் என்பதை எந்தக் காணொளியும் அவ்வளவு நன்றாகப் புரியவைக்காது. நடந்தவர்களில் பாதிப்பேர் பணம் தராவிட்டாலும் கயிறு வீசக் கற்றுக்கொண்டு போவார்கள்.

வேண்டுகோள் அறிக்கையில் ‘உயிர்களைக் காப்பாற்றுகிறோம்’ என்று எழுத வேண்டாம். இதுவரை எத்தனை நிகழ்ச்சிகளுக்குப் பாதுகாப்புத் தந்தார்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தார்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள். எண்ணிக்கை சிறியதாக இருந்தால் சிறியதாகவே இருக்கட்டும். நீரில் மூழ்கி இறந்த யாருடைய படத்தையும், குடும்பம் சம்மதித்தாலும், போட வேண்டாம். அவசரத்துக்கு 995 என்ற எண்ணையே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். குழுவின் தொலைபேசி எண் அதற்குப் பக்கத்தில் வரவே கூடாது, ஏனென்றால் யாராவது ஒருநாள் பதற்றத்தில் தவறான எண்ணை அழைத்து மூன்று நிமிடத்தை இழந்துவிடக்கூடும்.

இலக்கைவிடக் குறைவாகக் கிடைத்தால் எதை முதலில் விடுவீர்கள், கூடுதலாகக் கிடைத்தால் எங்கே வைப்பீர்கள், குழு கலைந்துவிட்டால் மிஞ்சிய பணமும் பொருளும் எந்த அறநிறுவனத்துக்குப் போகும் ஆகிய மூன்றையும் அதே அறிக்கையில் சேர்த்துவிடுங்கள். கலைவதைப் பற்றி முதல் நாளிலேயே பேசுவது அபசகுனம் என்று யாராவது சொல்வார்கள். என் அனுபவத்தில் பிறகு வரும் சண்டைகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

வருகிற வாரம் குழுவினரைச் சந்திக்கும்போது, கடைசி ஆறு மாதப் பயிற்சிப் பதிவேடு, ஒவ்வொருவருடைய முக்குளிப்பு மருத்துவச் சான்று, காப்பீட்டு நிறுவனத்தின் பதில் கடிதம் ஆகியவற்றைக் கேளுங்கள். மூன்றும் கையில் இருந்தால் நடைப்பயணத்துக்குத் தேதி குறிக்கலாம். கடிதம் மட்டும் இல்லையென்றால் ஒரு மாதம் பொறுக்கலாம். பதிவேடே இல்லையென்றால், 30,000 வெள்ளியை மறந்துவிட்டு, பன்னிரண்டு பேருக்கும் முதல் ஆண்டுப் பயிற்சிக் கட்டணத்தை உங்கள் நண்பர் வட்டமே சொந்தமாகப் பகிர்ந்து கட்டிவிடுங்கள். அதற்கு எந்த உரிமமும் தேவையில்லை.